ஒட்டகம் மண்டியிட்ட இடமும் போன வருஷத்துப் பஞ்சாங்கமும்

நம் பஞ்சாங்கம் போன்ற ஏட்டுக்கு ஸ்பானிஷில் 'அல்மனாக்கே'. போர்த்துகீசியத்தில் 'அல்மனாக்'. இத்தாலியனில் 'அல்மனாக்கோ'. ருமேனியனில் 'அல்மனாஹ்'. பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் இரண்டு எழுத்தை எழுதிவிட்டு வாயில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், 'அல்மனா'. லத்தீன் வழி வந்த மொழிகள் எல்லாவற்றிலும் ஓடுகிற இந்தச் சொல்லை லத்தீனில் தேடிப் போனால், பழைய ரோமாபுரியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. நம் 'பஞ்சாங்கம்' மடியில் ஒன்றும் மறைக்காத சொல். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்தையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அல்மனாக் அப்படி இல்லை. அதனால்தான் அதற்கு ஒரு கதை கட்டப்பட்டது. அந்தக் கதையில்தான் எனக்கு நெருடல்.

கதை இதுதான். அரபியில் 'அனாக' என்றால் ஒட்டகத்தை மண்டியிட வைப்பது. மண்டியிடும் இடம் 'முனாக்' அல்லது 'மனாக்'. பயணக் கூட்டம் ஒட்டகத்தை இறக்கி இளைப்பாறும் இடம் என்பதால் அது தங்குமிடம் என்றாகி, பிறகு சூரியன் தங்கிச் செல்லும் ராசி என்றாகி, ராசிகளைக் குறித்துவைத்த ஏட்டுக்கே பெயராகிவிட்டதாம். இன்னொரு கிளைக்கதையில், ஒட்டகம் இறங்கிய இடத்தின் தட்பவெப்பம் என்ற பொருள் வழியாக நாட்காட்டிக்கு வருகிறார்கள். இன்றைய அரபியில் 'மனாக்' என்றால் தட்பவெப்பநிலை என்பது உண்மைதான். கேட்க இனிக்கிறது. பாலைவனம், நட்சத்திரம், ஒட்டகம் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளின் சொல்மூலக் குறிப்புகளில் இது 'இருக்கலாம்' என்று தொடங்கி, நாலு பேர் எடுத்து எழுதுவதற்குள் 'இதுவே மூலம்' என்று ஆகிவிடுகிறது.

ஒலியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அரபியின் கடைசி 'க்'கர உரசல் ஒலி ஸ்பானிஷில் 'க்கே' ஆவதற்கு நல்ல சாட்சி உண்டு: 'ஷைக்' என்பது ஸ்பானிஷில் 'ஹெக்கே' ஆனது. சொல்லின் நடுவிலோ முதலிலோ வந்தால் அதே ஒலி வேறு வேஷம் போடும். தையல்காரர் 'அல்-கய்யாத்' பழைய ஸ்பானிஷில் 'அல்ஃபயாத்தே' ஆனார். ஆக 'அல்-மனாக்' என்பது 'அல்மனாக்கே' ஆகலாம். ஒலித்தேர்வில் பாஸ்.

இடறுவது பொருளில். வானில் நிலா தங்கிச் செல்லும் 28 இடங்களுக்கு அரபி வானியலில் ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது, 'மனாஸில்'. ஒருமையில் 'மன்ஸில்'. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டு முகப்பில் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்களே, அதே மன்ஸில்தான். வாகனத்தைவிட்டு இறங்கித் தங்கும் இடம் என்பது அதன் வேர்ப்பொருள். ஒட்டகக் கதை சொல்பவர்கள் மனாக் என்ற சொல்லுக்குச் செய்யும் வேலை முழுவதையும் மன்ஸில் நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது. வான அட்டவணைக்கும் பெயருக்குப் பஞ்சம் இல்லை. கணக்குப் போடுவதற்கான அட்டவணைத் தொகுப்பு 'ஸீஜ்'. கிரகநிலைகளைத் தேதிவாரியாகத் தருவது 'தக்வீம்'. பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் இந்த இரண்டையும்தான் சொன்னார்கள்.

'அல்' வந்தால் அரபியா?

முதலில் 'அல்' இருக்கிறதே, அது அரபிச் சுட்டுச்சொல் இல்லையா என்று கேட்பார்கள். பல இடங்களில் ஆமாம். ஆனால் ஸ்பானிஷ் அகராதியில் 'அல்' பகுதியில் அரபி இல்லாத வீட்டார் பலர் குடியிருக்கிறார்கள். மதிய உணவு 'அல்முவெர்ஸோ', கடிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. பாதாம் 'அல்மேந்த்ரா', லத்தீன் 'அமிக்தலா'வின் பேத்தி. சுற்றிலும் 'அல்' சொற்களாக இருந்ததால் இவையும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டன. நம் வீட்டு அலமாரியை எடுத்துக்கொள்ளுங்களேன். 'அல்' என்று தொடங்குகிறது என்பதற்காக அதை அரபி என்றால் தச்சரே சிரிப்பார். போர்த்துகீசிய 'அர்மாரியு' நம் நாக்கில் புரண்ட வடிவம் அது. அதற்கும் மேலே லத்தீன் 'அர்மாரியும்'.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையாகவே அரபி வழியாக வந்த சொல்லும், அரபியில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பானிஷ் 'அல்காஸர்', கோட்டை, அரபி 'அல்-கஸ்ர்'. அந்த கஸ்ர் லத்தீன் 'காஸ்த்ரும்'. ஆப்ரிகாட் பழத்தின் ஸ்பானிஷ் பெயர் 'அல்பரிக்கோக்கே' அதைவிட நீளமாகச் சுற்றியது: லத்தீனில் முன்கூட்டிப் பழுப்பது என்ற பொருளில் புறப்பட்டு, கிரேக்கம் வழியாக அரபிக்குப் போய், 'அல்' ஒட்டிக்கொண்டு வீடு திரும்பியது.

அல்மனாக்கும் அப்படி வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளையா என்ற சந்தேகத்துக்குக் காரணம் ஒரு அகராதி. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சியின் கடைசி நகரமான கிரனாடா கிறிஸ்தவ மன்னர்களிடம் விழுந்த பிறகு, அங்கிருந்த முஸ்லிம்களிடம் பேசுவதற்காகப் பாதிரிகளுக்கு ஒரு கைநூல் தேவைப்பட்டது. 1505-இல் பெத்ரோ தெ அல்காலா ஸ்பானிஷ்-அரபிச் சொற்களஞ்சியம் ஒன்றை அச்சிட்டார். கிரனாடா மக்கள் பேசிய அரபியைக் காதால் கேட்டு, ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதியது. அதில் அல்மனாக்குக்கு நேர் அரபியாக 'மனாக்' இருக்கிறது. சூரியக் கடிகாரத்துக்கும் அதை ஒட்டிய ஒரு வடிவம் வருகிறது. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் சூரியக் கடிகாரம் வரைவதைச் சொல்லும் இடத்தில் மாதங்களைக் குறிக்கும் ஒரு வட்டத்தின் பெயர் வருகிறது. சுவடிகளில் அதை 'மனாக்குஸ்' என்றும் படிக்கிறார்கள். லத்தீன் மனாக்குஸ், அந்தலூசிய (முஸ்லிம் ஸ்பெயினின்) அரபியில் மனாக், 'அல்' சேர்ந்து மறுபடி ஐரோப்பாவுக்கு என்று ஒரு பாதை போடலாம். எனக்கு ஒட்டகத்தைவிட இந்தச் சூரியக் கடிகாரம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பொருள் அதிகம் தாவ வேண்டியதில்லை. ஆனாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. 1505 மிகவும் பிந்திய தேதி. லத்தீனில் இந்தச் சொல் அதற்கு 238 ஆண்டு முன்பே, 1267-இல், எழுதப்பட்டுவிட்டது. கிரனாடா அரபிக்காரர்கள் ஸ்பானிஷ்காரர்களிடமிருந்து அல்மனாக்கைக் கேட்டு, 'அல்' நம்முடையதுதானே என்று அதைக் கழற்றிவிட்டு மனாக் என்று வழங்கியிருந்தாலும் சான்று இதேபோலத்தான் இருக்கும்.

கிரேக்க மூலம் சொல்பவர்களும் உண்டு. கி.பி. 300-ஐ ஒட்டி வாழ்ந்த தத்துவஞானி போர்ஃபிரி எகிப்தியரின் சோதிட ஏடுகளைக் குறிப்பிடுகிறார், அதைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எடுத்தாள்கிறார். அங்கே 'அல்மெனிக்கியக்கா' என்ற சொல் நிற்கிறது. ஆனால் அது முதலெழுத்து உதிர்ந்த வடிவம். பழைய ஏடுகளில் வேறிடங்களில் அது 'ஸல்மெ…' என்றே தொடங்குகிறது. அங்கிருந்து 1267 வரை 900-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஒருவர் வாயிலும் வராமல் இருந்துவிட்டுச் சொல் திடீரென்று எழுந்து நடந்தது என்று நம்ப வேண்டும்.

1267: பொருள் வெளிச்சத்துக்கு வரும் இடம்

அந்த 1267, ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கன் போப்புக்காக எழுதிய பெருநூலின் ஆண்டு. நமக்குக் கிடைக்கும் முதல் அல்மனாக் அங்கேதான். சொல்மூலம் தேடுபவர்கள் தேதியை மட்டும் கிள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் அதை எதற்குச் சொன்னார் என்பதை நின்று படித்தால் கேள்வியே திசைமாறுகிறது. உலகத் தொடக்கம் முதல் முடிவு வரை வானத்தின் எல்லா அசைவுகளும் அடங்கிய அட்டவணைகள், அவற்றுக்கு அல்மனாக் என்று பெயர், என்கிறார். காலண்டரைப் பார்த்து எந்த நாளில் எந்தப் புனிதரின் விழா என்று கண்டுகொள்வதுபோல, இதைப் பார்த்து வானில் உள்ளதையெல்லாம் நாள்தோறும் கண்டுகொள்ளலாம் என்று ஒப்பிடுகிறார். இன்னோர் இடத்தில், இந்த அட்டவணைக்காரர்கள் ஆண்டை அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறார். அக்டோபரில் பிறக்கும் ஆண்டு சிரியா பக்கத்து வழக்கம். அட்டவணை கிழக்கிலிருந்து வந்தது என்பதற்கு எந்த ஒட்டகத்தையும்விட நல்ல அடையாளம் இந்த ஒற்றை வரி.

ஆக பேக்கனுக்கு அல்மனாக் வேறு, காலண்டர் வேறு. அதைவிட முக்கியம், அல்மனாக் காலாவதி ஆகாதது. உலகம் முடியும்வரை செல்லுபடி. இன்றைக்கு அல்மனாக் என்றால் டிசம்பரில் வாங்கி அடுத்த டிசம்பரில் தூக்கிப்போடும் பொருள். பிரெஞ்சில் 'போன வருஷத்து அல்மனாக்' என்பது ஒன்றுக்கும் உதவாததைச் சொல்லும் வழக்கு. என்றைக்கும் உள்ளது என்று பொருள்பட்ட சொல், ஓராண்டில் செத்துப்போவது என்று தலைகீழானது எப்படி? 'அல்மனாக்' எங்கே பிறந்தது என்பதைவிட இதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். இதற்கு விடையும் இருக்கிறது.

காலாவதி ஆகாத அட்டவணை எப்படி வேலை செய்தது

ஸீஜ் என்பது ஊறவைத்த அரிசி உளுந்து மாதிரி. சராசரி வேகம், திருத்தம், மந்தம் என்று எல்லாம் அதில் உண்டு, ஆனால் அரைத்து, புளிக்கவைத்து, ஊற்றி எடுப்பது உங்கள் பாடு. ஒரு நாளின் செவ்வாய் நிலையைக் கணக்கிட நல்ல கைக்காரருக்கே நேரம் பிடிக்கும். அல்மனாக் வெந்த இட்லி. தேதியைத் தேடு, எண்ணை எடு. ஆனால் எத்தனை ஆண்டுக்குத்தான் முன்கூட்டியே வேகவைத்து வைப்பது? இங்கேதான் பாபிலோனியர் காலத்துப் பழைய நுட்பம் கைகொடுத்தது. ஒவ்வொரு கிரகமும் குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். வெள்ளிக்கு 8 ஆண்டு. சனிக்கு 59: முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை தாழ்ந்தவனும் இல்லை என்று நாம் சொல்கிற அந்தச் சுற்று உண்மையில் இருபத்தொன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு சுற்று சேர்ந்தால் 59-ஐ நெருங்கும். செவ்வாய்க்கு 79, வியாழனுக்கு 83. அந்தந்தச் சுற்றுக்கு ஒருமுறை கணக்கிட்டு எழுதிவிட்டால் போதும், பிறகு கொஞ்சம் திருத்தம் சேர்த்துத் திரும்பத் திரும்ப அதையே பார்க்கலாம். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்து வானியலாளர் அஸ்-ஸர்காலி இப்படித்தான் அமைத்தார். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் நிலாவுக்கு 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்து சுழற்றியதும் இதே புத்திதான்.

இந்த வகையில் பெயர்பெற்றது யூத வானியலாளர் ஆப்ரகாம் சக்கூத்தோவின் அட்டவணை. சலமன்காவில் ஹீப்ரு மொழியில் எழுதியது. ஜோசே விசின்யோ மொழிபெயர்த்து, 1496-இல் போர்ச்சுகலின் லெய்ரியா நகரில் 'அல்மனாக் பெர்பெத்துவும்' என்று அச்சானது. பெர்பெத்துவும் என்றால் நிரந்தரம். தலைப்பிலேயே உரிமை கோரல். சூரியனுக்கு இதில் நான்கே ஆண்டின் அட்டவணைதான், 1473 முதல் 1476 வரை. லீப் ஆண்டுக் கணக்கு நான்காண்டுக்கு ஒருமுறை சுற்றுவதால் அது போதும். ஆனால் அன்றைய ஜூலியன் நான்காண்டு 1461 நாள், சூரியனின் உண்மையான நான்கு சுற்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒவ்வொரு நான்காண்டுக்கும் 1 கலை 46 விகலை கூட்ட வேண்டும் (பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை).

1497-க்குப் போட்டுப் பார்ப்போம். 1473-ஐக் கழித்தால் 24. நான்கால் வகுத்தால் 6, மீதி இல்லை. எனவே முதலாண்டு அட்டவணையைத் திற. தேதிக்கு நேரே உள்ள சூரியநிலையை எடு. 6 முறை 1 கலை 46 விகலை, அதாவது 10 கலை 36 விகலை கூட்டு. கிடைத்த எண்ணோடு சாய்வு அட்டவணைக்குப் போ. அன்று சூரியன் நடுக்கோட்டுக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்று கிடைக்கும். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரம் என்று அஸ்ட்ரோலேப் என்னும் கோணம் அளக்கும் வட்டக் கருவியால் அளந்து, அதை 90-இலிருந்து கழித்து, சாய்வைக் கூட்டியோ கழித்தோ பார்த்தால் நீ நிற்கும் அட்சரேகை. 1497 ஜூலையில் லிஸ்பனைவிட்டுப் புறப்பட்டு, அடுத்த மே மாதம் கோழிக்கோட்டுக் கரையைப் பிடித்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்களில் சக்கூத்தோவின் எண்கள் இருந்தன.

எங்கே தப்பும்? 10 கலைத் திருத்தத்தை மறந்தால் அதிகம் போய்விடாது. சூரியன் நடுக்கோட்டில் நிற்கும் மார்ச், செப்டம்பர் காலத்தில்கூட அட்சரேகையில் நாலு கலை, சுமார் 8 கிலோமீட்டர். கப்பல் ஆட்டத்தில் அஸ்ட்ரோலேப் பிடிக்கிற கையே இதைவிட அதிகம் நடுங்கும். நான்கு அட்டவணையில் தவறான ஆண்டைத் திறந்தால் பிசகு பெரிது. ஓராண்டுக்குச் சூரியநிலையில் 15 கலை, மூன்றாண்டு தள்ளிப்போனால் முக்கால் பாகை, அது கரையில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும். உண்மையான ஆபத்து கடைசிப் படியில். வடக்கே பயணம் செய்து பழகிய கை, நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கி, சூரியன் முதுகுப்புறம் மாறிய பிறகும் பழக்கத்தில் சாய்வைக் கூட்டிவிடும். கழிக்க வேண்டியதைக் கூட்டினால் பிழை சாய்வின் இரட்டிப்பு. உச்சச் சாய்வை 23 பாகை 33 கலை என்று சக்கூத்தோ வைத்திருந்தார், இரட்டித்தால் 47 பாகைக்கும் மேல். அதனால்தான் சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி விதியாக மாலுமிகளுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அச்சு வந்தது, ஆயுள் போனது

நிரந்தர அட்டவணை வாங்குகிறவன் வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்குவான். அச்சகத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஒற்றைத் தாளில் அந்த ஆண்டின் பௌர்ணமி, அமாவாசை, ரத்தம் எடுக்க நல்ல நாள், மழைக் குறி என்று அச்சடித்தால் வருஷா வருஷம் விற்கலாம். கூட்டல் கழித்தல் தெரியாதவரும் வாங்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் அல்மனாக் என்ற பெயர் இந்தச் சரக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. பிரான்சில் நோஸ்த்ரதாமுஸ் முதலில் பேர் வாங்கியது ஆண்டுதோறும் வந்த அல்மனாக்குகளால்தான், நாலடிச் செய்யுள் தொகுப்பு பிறகு வந்தது. 'நிரந்தரம்' என்ற பட்டம் வேறு சொல்லுக்குப் போய்விட்டது. வலென்சியாவின் ஹெரோனிமோ கோர்த்தேஸ் 1594-இல் வெளியிட்ட நூலுக்கு 'லுனாரியோ பெர்பெத்துவோ' என்று பெயர். லூனா, நிலா. அந்த நூல் போர்த்துகீசிய மொழியில் பிரேசிலின் வடகிழக்கு வறட்டுச் சீமைக்குப் போய், தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது.

கணிதம் போய்க் கணிப்பு வந்ததை வழக்குச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. இத்தாலியனில் 'அல்மனக்காரே' என்று ஒரு வினைச்சொல். தலையைச் சொறிந்துகொண்டு இப்படியிருக்குமோ அப்படியிருக்குமோ என்று மனக்கணக்குப் போடுவது, ஆகாயக்கோட்டை கட்டுவது. பிரெஞ்சில் 'அல்மனாக் செய்பவன்' என்றால் வாய்க்கு வந்தபடி ஆரூடம் சொல்பவன். ஒருவர் சொன்னது பலித்துவிட்டால் 'இனி உங்களிடமே அல்மனாக் வாங்குகிறேன்' என்று சொல்வதுண்டு, கேலியும் மரியாதையும் பாதிப்பாதி. இத்தாலியனின் 'ஸ்பர்காரே இல் லுனாரியோ', லுனாரியோவைக் கரைசேர்ப்பது, மாதக் கடைசியை எப்படியோ ஓட்டுவது. சம்பளக்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஊருக்கு ஊர் பொருளும் மாறியது. அர்ஜென்டினாவில் 'அல்மனாக்கே' என்று கேட்டால் சுவரில் தொங்கும் காலண்டர். 1930-களில் ஒரு செருப்பு நிறுவனத்துக்காக மொலினா காம்போஸ் வரைந்த மாட்டுக்காரக் கௌச்சோக்களின் படம்போட்ட அல்மனாக்கேகளை, சிவகாசிக் காலண்டரின் முருகனை நம்மவர்கள் மாட்டிவைத்ததுபோல, ஆண்டு முடிந்த பிறகும் மாட்டிவைத்தார்கள். கொலம்பியா, பெரு பக்கம் ஆரஞ்சு அட்டையும் தாடிக்காரர் படமுமாக மருந்துக்கடையில் கிடைக்கும் 'அல்மனாக்கே பிரிஸ்டல்': நிலவும், புனிதர் நாளும், மீன் பிடிக்க நல்ல நாளும் அதில். பிரேசிலில் தடிமனான காமிக்ஸ் சிறப்பிதழும் அல்மனாக்தான். 'அல்மனாக் படிப்பு' என்றால் நுனிப்புல் அறிவு. போர்ச்சுகலில் 1929 முதல் ஆண்டுதோறும் வரும் 'போர்தா தாகுவா' இன்றும் மடிப்பு வெட்டப்படாத தாளாகவே விற்பனைக்கு வருகிறது. வாங்கியவர்தான் கத்தியெடுத்துப் பக்கம் பிரிக்க வேண்டும். எதை எப்போது விதைக்கலாம் என்று அறிய முதலில் அதை அறுக்க வேண்டும்.

தக்வீம் என்ன ஆனது?

அரபிக்காரர்கள் உண்மையில் வழங்கிய பெயர் தக்வீம் என்றேனே, அது ஐரோப்பாவுக்கு வரவில்லையா? வந்தது. அதன் பாதை பட்டப்பகல்போலத் தெரிகிறது. நேராக நிறுத்துவது, திருத்துவது என்ற வேர். தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் கியாமத்தும் அந்த வேர்தான். 11-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் மருத்துவர் இப்னு புத்லான் உணவு, உறக்கம், காற்று, கோபம் என்று உடல்நலச் செய்திகளை வானியல் அட்டவணைபோலக் கட்டம்கட்டி எழுதி 'தக்வீம் அஸ்-ஸிஹ்ஹா' என்று பெயரிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது 'தக்குயீனும்' ஆனது. பழைய இத்தாலியனில் 'தக்குயீனோ' என்றால் ஆண்டு அட்டவணைதான்; பொலோன்யாவில் வானியல் கற்பித்த பேராசிரியர் ஆண்டுப் பலனோடு தக்குயீனோவும் எழுதித்தர வேண்டியிருந்தது. பிறகு கட்டங்களில் கைக்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். கட்டம் மறைந்தது, குறிப்பு நின்றது. இன்றைய இத்தாலியனில் தக்குயீனோ என்றால் சட்டைப்பையில் வைக்கும் சின்னக் குறிப்பேடு. கிழக்கே போன அதே சொல் துருக்கியில் 'தக்விம்', காலண்டர். மலாயிலும் 'தக்விம்'தான். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஜனவரியோ மார்ச்சோ, எந்த மாதம் பள்ளி திறக்கிறது, எந்த வாரம் விடுமுறை என்று தேடிப்பார்க்கும் தாளின் தலைப்பில் இருப்பது அதுதான்.